உதடு ஒட்டும் சொல்

ஸ்ரீவில்லிபுத்தூர்
14.9.2024

அன்புள்ள இன்பம் மதினிக்கு,

பியூலா எழுதுகிறேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்த பிறகும் பிரித்திருக்கிறீர்கள் என்றால் அதுவே எனக்குப் பெரிது.

மெல்வினை அடக்கம் பண்ணிவிட்டு வந்த சாயங்காலம் உங்கள் வாசல்படியில் வைத்துச் சொன்னீர்கள்: "இனிமே ஓங் குரலு இந்த வீட்டுக்குள்ள கேக்கக் கூடாது." அன்றிலிருந்து உங்களுக்கு நான் போன் பண்ணவில்லை. அண்ணனுக்கும் பண்ணவில்லை. ஒருநாள் மில் வாசலில் அண்ணன் எதிரே வந்தார். "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். நான் வாயைத் திறந்தால் உங்கள் சொல்லை மீறியதாகிவிடும் என்று பயந்தாரோ என்னவோ. ரொம்ப நாள் யோசித்துப் பார்த்தேன். குரல் கூடாது என்றுதான் சொன்னீர்கள். எழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அரைமணி நேர பஸ் தூரத்துக்குத் தபால் எழுதுகிறவள் இந்தக் காலத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஸ்டாம்பு வாங்கப் போன இடத்தில், "எந்த வேலைக்கு டீச்சர் அப்ளிகேஷன் போடுதீய?" என்று கேட்டார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற நவம்பரோடு பிள்ளை போய் ஒரு வருஷம் ஆகிறது. அன்றைக்கு உங்கள் ராஜபாளையம் ஆலயத்தில் நினைவு ஆராதனை வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் சபை வாலிபப் பிள்ளைகள் அந்த ஆராதனையில் 'கண்மாய்' மைமை, அந்தப் பேச்சில்லாத நாடகத்தை, போட ஆசைப்படுகிறார்கள். போன வருஷப் போட்டிக்கு நான் பழக்கின அதே மைம்தான். கண்மாயில் குளிக்க இறங்கினவன் ஆழத்தில் மாட்டிக்கொள்கிறான், கரையில் இருக்கிற சிநேகிதர்கள் அவன் விளையாடுகிறான் என்று சிரிக்கிறார்கள், கடைசியில் வெள்ளை உடை போட்ட ஒருவர் வந்து கைகொடுத்துத் தூக்குகிறார். மெல்வின் நடித்த இடத்தில் யாரையும் நிறுத்தாமல், அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டு மற்றவர்கள் நடிப்பார்களாம். ஆசீர்தான் இதைச் சொன்னான். வெள்ளை உடை போட்டு அவனைத் தூக்கினவன். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு சபையில் எந்த நிகழ்ச்சிக்கும் முன்னால் வந்து நிற்பதில்லை. இதற்கு மட்டும் வாரேன் என்கிறான்.

போதகர், "பெத்த தாய் சரின்னு சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டார். அதனால்தான் கேட்கிறேன். சரி என்று ஒரு வரி போதும். வேண்டாம் என்றாலும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
பியூலா


ராஜபாளையம்
22.9.2024

பியூலாவுக்கு,

உன் கடிதத்தை உங்க அண்ணன் மில்லுக்குப் போன பிறகு பிரித்தேன். அவருக்கு இது தெரியாது. அவரைப் பொறுத்தவரை பிள்ளை மேடையில் மயங்கி விழுந்தான், வலி தெரியாமல் போய்விட்டான். யாரோ அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் மனுஷன் வேலைக்குப் போய் வருகிறார். அவர் கையிலிருந்து அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.

நாடகம் போடலாமா என்று கேட்கிறாய். அதற்கு முன்னால் நான் கேட்கிறதற்கு நீ பதில் சொல்ல வேண்டும். வருஷம் முழுக்க ஒவ்வொருத்தரிடமும் கேட்டுவிட்டேன். எல்லாரும் ஒன்றுபோல, "நடிப்புன்னு நெனச்சோம்" என்கிறார்கள். நடிப்பு என்று நினைத்தது யார் குற்றம் என்று நான் கேட்கவில்லை. நானே அப்படித்தான் நினைத்தேன்.

அன்றைக்கு நான் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்தில் வன்னியம்பட்டியிலிருந்து ஒரு அம்மா, முன்பின் பழக்கமில்லாதவள். அவள் என் தொடையில் தட்டி, "யாரு பெத்த புள்ளையோ, எப்பிடி மூச்சு வாங்குதான் பாருங்களேன்! நெசமாவே முங்குறவன் இவங்கிட்டத் தோத்தான்" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எம் மவந்தான்" என்றேன். சொல்லிவிட்டு அவளைத் திரும்பி வேறு பார்த்தேன், முகத்தில் என்ன தெரிகிறது என்று. அந்தப் பெருமையில் ஒரு செத்த நேரம் மேடையைப் பார்க்கவில்லை. பிறகு எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பால்குடி மறந்த நாளிலிருந்து அவனுக்கு இளைப்பு. பனிக்காலம் வந்துவிட்டால் அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டேதான் நான் தூங்குவேன். அது மாறினால் எனக்கு முழிப்புத் தட்டிவிடும். இளைப்பு முற்றுகிறதா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பேன் என்றால் அவன் உதட்டை வைத்து. லேசாக நீலம் ஓடும். அதைப் பார்த்ததும் இன்ஹேலர் பம்பை எடுத்து வாயில் வைத்து அடித்துவிடுவேன். அன்றைக்கு நீ அவன் முகம் முழுக்க வெள்ளையும் உதட்டில் சிவப்பும் பூசி வைத்திருந்தாய். பாட்டு காதைக் கிழித்தது. மூச்சும் கேட்கவில்லை, உதடும் தெரியவில்லை. தாய்க்கு என்று இருந்த இரண்டு வழியையும் அடைத்துவிட்டுத்தான் திரையைத் தூக்கினாய்.

அடக்கத்தன்று ஆசீர் என் காலடியில் உட்கார்ந்து அழுதான். "தூக்கும்போது ரொம்பக் கனத்தான் ஆன்ட்டி. ஏலே, கொஞ்சம் ஒத்துழைலேன்னு காதுல சொன்னேன்" என்றான். அந்தப் பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன்.

என் கேள்வி இதுதான். நீ மேடைக்குப் பக்கவாட்டில், பாட்டுப் பெட்டிக்கிட்ட நின்றாய். எல்லாரையும்விடக் கிட்டத்தில் நின்றவள் நீதான். என் பிள்ளை கூப்பிட்டானா? வாய் திறந்து யாரையாவது கூப்பிட்டானா, இல்லை கூப்பிடாமலேயே போய்விட்டானா? கூப்பிட்டான் என்றால் என்ன என்று கூப்பிட்டான்?

இதற்குப் பதில் எழுதாமல் வேறு எதையும் எழுதாதே.

இன்பம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
1.10.2024

அன்புள்ள மதினிக்கு,

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுத உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து இவ்வளவு நாளாகிவிட்டது.

அவன் கூப்பிடவில்லை மதினி.

மைம் பழக்க ஆரம்பித்த முதல் நாள் பிள்ளைகளிடம் நான் ஒன்று சொல்லுவேன். "மைம்னு சொல்லிப் பாருங்க. தொடங்கும்போதும் உதடு ஒட்டுது, முடியும்போதும் ஒட்டுது. பேருலேயே ரெண்டு பக்கமும் பூட்டு. பூட்டைத் திறந்தா அது மைம் இல்ல." எல்லாரும் சொல்லிப் பார்த்துச் சிரிப்பார்கள். மெல்வின் மட்டும் அதை அப்படியே மனசில் போட்டுக்கொண்டான். ஒருநாள் ஒத்திகையில் அவன் காலில் ஆணி ஏறிவிட்டது. ரத்தம் வருகிறது, முகம் மாறவில்லை, காட்சி முடியும்வரை சத்தமே இல்லை. முடிந்த பிறகுதான் "அத்தை, கொஞ்சம் பஞ்சு குடுங்க" என்றான். நான் மற்றப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "இவனப் பாத்துப் படிங்க" என்றேன்.

அப்படிப்பட்டவன் கடைசிவரை அந்தக் கட்டுப்பாட்டில் இருந்தான். மௌனமாகத்தான் ஆண்டவரிடம் போனான். உங்களுக்கு இது ஆறுதலாக இருக்கும் என்று நம்புகிறேன். டாக்டரும் ரொம்ப நேரம் கஷ்டப்பட்டிருக்க மாட்டான் என்றுதான் சொன்னார்.

உங்களுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்.

பியூலா


ராஜபாளையம்
13.10.2024

பியூலாவுக்கு,

ஆறுதலாக இல்லை.

எதையும் இரண்டு தடவை கூட்டிப் பார்க்காமல் நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை, உனக்கே தெரியும். நான் எட்டாவதோடு நின்றவள். ஆனால் பேருக்குள்ளேயே பூட்டு இருக்கிறது என்று நீ எழுதினதை அப்படியே விட மனசில்லை. எந்தப் பேருக்காக என் பிள்ளை வாயை மூடிக்கொண்டு செத்தான் என்று தெரிந்தாக வேண்டும் போலிருந்தது.

பக்கத்து வீட்டு ஆயிஷா பீவி மகள் அல்ஃபியா காலேஜில் படிக்கிறாள். அவளிடம் போனேன். "மைம்னா என்ன, அது எங்கேருந்து வந்துச்சு, பாத்துச் சொல்லுட்டி" என்றேன். ஆயிஷா பீவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "மொதல்ல உக்காருங்க. சாப்பிட்டாப்பல தெரியலையே. அந்த எழவெடுத்த கூத்தப் பத்தி இன்னும் என்னத்துக்குப் படிக்கணும்?" என்று சத்தம் போட்டாள். சத்தம் போட்டுக்கொண்டே கஞ்சியும் கொண்டுவந்து வைத்தாள். அல்ஃபியா ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டேன். ஒருநாளில் முடியவில்லை. தினமும் போனேன். லைப்ரரிக்கும் போய்க் கேட்டேன்.

மைம் என்பது நம் சொல்லே இல்லை பியூலா. கிரேக்கச் சொல். கிரேக்கர்களிடம் அதற்கு அர்த்தம், ஒருத்தரைப் பார்த்து அதுபோலவே செய்து காட்டுகிறவன் என்பதுதான். வாயை மூடு என்று அந்தச் சொல்லில் எங்கேயும் இல்லை. இன்னொன்றும் கேள். அந்தக் காலத்தில் மைம் ஆடினவர்கள் பேசினார்கள். தெருவில் நின்று வாய் ஓயாமல் பேசி, கேலி பண்ணி, ஜனத்தைச் சிரிக்க வைத்தார்கள். பேசாமல் ஆடினது ரோமாபுரியில் இருந்த வேறொரு கூட்டம். முகமூடி போட்டு ஆடுவார்களாம். அந்த முகமூடியில் வாய் மூடியே இருக்குமாம். ஆனால் அவர்களுக்கும் பக்கத்தில் ஒரு கூட்டம் நின்று கதையைப் பாடுமாம். ஆடுகிறவனுக்கு வாய் இல்லை என்றால் அவனுக்கு வாயாக நாலு பேரை நிறுத்தினார்கள்.

அதைவிட ஒன்று. பாரீஸ் பக்கம் சந்தைகளில் நாடகம் போட்டுப் பிழைத்த ஏழைகள் இருந்தார்கள். பெரிய கொட்டகைக்காரர்கள், பேசி நடிக்கிற உரிமை எங்களுக்குத்தான் என்று அரசாங்கத்திடம் சொல்லி இவர்கள் வாயை அடைத்துவிட்டார்கள். மேடையில் பேசினால் தண்டனை. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சொல்ல வேண்டியதை அட்டையில் எழுதித் தூக்கிக் காட்டினார்கள். கீழே உட்கார்ந்திருந்த ஜனம் அதைப் படித்து அவர்களுக்காகச் சத்தமாகப் பாடியது. இதை அல்ஃபியா வாசித்தபோது அழுதுவிட்டேன். அவள் போனைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் மாமி, இது சிரிப்பான எடம்லா?" என்றாள்.

சிரிப்பான இடம்தான். அந்த ஊரில், வாய் மூடப்பட்டவனுக்குப் பார்க்கிறவர்கள் வாயாக இருந்தார்கள். நாங்கள் கைதட்டினோம்.

இதில் வேடிக்கை, நான் உன்னைப் பேசக்கூடாது என்று தடை போட்டேன், நீ அட்டை தூக்கிக்கொண்டு வருகிறாய். தூக்கு. ஆனால் உள்ளதை எழுதித் தூக்கு.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்ததில் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அவன் முங்குகிற காட்சிக்கு நடுவில் பாட்டு திடீரென்று கூடியது. மெதுவாக ஏறவில்லை, ஒரே வீச்சில் ஏறியது. எனக்கு முன்னால் இருந்த கைக்குழந்தை முழித்து அழுதது. ஒத்திகைக்கு நீ என்னை இரண்டு தடவை கூட்டிப் போயிருக்கிறாய். அந்த இடத்தில் பாட்டு குறைய வேண்டும். தண்ணீருக்குள் போகிறான், சத்தம் அடங்குகிறது என்று நீயே எனக்கு விளக்கம் சொன்னாய்.

குறைய வேண்டிய பாட்டு ஏன் கூடியது?

வீடியோ இருந்தால் அனுப்பு. உங்க அண்ணன் போனில் இருந்ததை அவர் அழித்துவிட்டார்.

இன்பம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
20.10.2024

மதினி,

பாட்டை நான்தான் கூட்டினேன்.

போன கடிதத்தில் எழுதியது பொய். அவன் கூப்பிட்டான்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எங்களுக்கு முந்தின குழு புகை மெஷின் வைத்திருந்தார்கள். மேடையில் புகை அடங்காமலே எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். "செத்த நேரம் கழிச்சுப் போவமா?" என்று மெல்வினிடம் கேட்டேன். "ஒண்ணும் செய்யாது அத்தை" என்றான். அந்தக் கறுப்பு உடையில் பை கிடையாது. பம்பை என் கைப்பையில் போட்டுவிட்டு ஏறினான்.

தண்ணீரில் இறங்குகிற காட்சியிலேயே இருமலை அடக்குகிறான் என்று எனக்குத் தெரிந்தது. முடித்துவிடுவான் என்று நினைத்தேன். ஆணி ஏறியும் முடித்தவன்தானே. பிறகு கையை மேலே தூக்குகிற இடம் வந்தது. கை தூக்கவில்லை, வாயைத் திறந்தான். சத்தம் வந்தது மதினி. பெரிய சத்தம் இல்லை, காற்றோடு கலந்து வந்தது. எனக்குக் கேட்டது.

அந்த நொடியில் நான் என்ன நினைத்தேன் என்பதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை, ஜெபத்தில்கூட. எதிரே நடுவர்கள் இருக்கிறார்கள், மைமில் குரல் வந்தால் மார்க்கைக் குறைத்துவிடுவார்கள், அதற்கு முந்தின வருஷமும் இப்படித்தான் பரிசு போனது. இதைத்தான் நினைத்தேன். என் கை தானாகப் போய்ப் பாட்டைக் கூட்டியது. அவன் குரல் அதற்குள் போய்விட்டது. பாட்டு ஏறினதைக் கேட்டுவிட்டுத்தான் ஜனம் கைதட்ட ஆரம்பித்தது.

அவன் கூப்பிட்டது உங்களை அல்ல. என்னை. என்னைப் பார்த்து "அத்தை" என்றான். பம்பு என்னிடம்தானே இருந்தது, என்னைத்தானே கூப்பிடுவான்? உங்களை அவன் தேடவே இல்லை. இதில் உங்கள் பங்கு என்று ஒன்றுமே கிடையாது. நீங்கள் கைதட்டினதை நினைத்து உங்களை நீங்களே அறுத்துக்கொள்கிறீர்கள். அதை விட்டுவிடுங்கள். கூப்பிடப்பட்டவள் நான். காதில் விழுந்தும் வாயை அடைத்தவள் நான்.

வீடியோ என்னிடம் இல்லை.

இனி நான் எதையும் கேட்க மாட்டேன். நினைவு ஆராதனைக்கும் வர மாட்டேன்.

பியூலா


ராஜபாளையம்
3.11.2024

பியூலாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று அடுப்புப் பற்ற வைக்கவில்லை. உங்க அண்ணன் வந்து பார்த்துவிட்டு, கடையில் இட்லி வாங்கி வந்தார். "ரெண்டு வாய் தின்னு" என்றார். தின்றேன்.

உனக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ எழுதினதைப் படித்ததும் எனக்குக் கோபம் வரவில்லை. வேறொன்று வந்தது. அவன் என்னைக் கூப்பிடவில்லை என்று படித்த இடத்தில், அப்பாடா என்று இருந்தது. ஒரு பகல் முழுக்க அப்படி இருந்தது. சாயங்காலமானதும், என் பிள்ளைக்குச் சாகும்போது என் ஞாபகம் வரவில்லையா என்று ஏங்க ஆரம்பித்துவிட்டேன். ஒரே வயிற்றில் இரண்டும் இருந்தது. இப்படியும் ஒரு தாய் இருப்பாளா என்று நினைத்துக்கொள்.

பிறகுதான் கூட்டிப் பார்த்தேன். ஒன்று இடித்தது. உன்னை "அத்தை" என்று கூப்பிட்டான் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் பம்பு கேட்கிறான் என்று உனக்கு அந்த நொடியே விளங்கியிருக்கும். மார்க் ஞாபகம் வந்திருக்காது. தன்னைப் பார்த்து ஒருவன் கூப்பிடும்போது எவளுக்கும் கை பாட்டுப் பெட்டிக்குப் போகாது, கைப்பைக்குத்தான் போகும். நான் உன்னை முப்பது வருஷமாகப் பார்த்து வருகிறேன். நீ அவசரக்காரி, பரிசு ஆசை பிடித்தவள். கல் நெஞ்சுக்காரி இல்லை.

ஆசீருக்குச் சொல்லி அனுப்பினேன். பைக்கில் வந்தான். வீடியோ அவனிடம் இருந்தது. உன்னிடமும் இருக்கிறது என்று அவன் சொல்லித்தான் தெரியும்.

"வேண்டாம் ஆன்ட்டி. பியூலா டீச்சரும் உங்ககிட்டக் காட்டக் கூடாதுன்னுட்டாங்க."

"ஏலே, போனக் குடு."

"நானே இன்னும் முழுசாப் பாத்ததில்ல ஆன்ட்டி."

"நீ பாக்க வேண்டாம். வெளிய போயி நில்லு."

போனைக் கொடுத்துவிட்டு முற்றத்தில் போய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான். அல்ஃபியாதான் என் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்டினாள். முதலில் சத்தம் இல்லாமல் போடச் சொன்னேன். சத்தத்தோடு பார்க்கத் துணிவில்லை.

அவன் உன் பக்கம் திரும்பவே இல்லை பியூலா. நீ நின்றது வலப்பக்கம். அவன் இடப்பக்கம், பெண்கள் உட்கார்ந்த பக்கம் திரும்புகிறான். கண் எதையோ தேடுகிறது. பிறகு ஓரிடத்தில் நிற்கிறது. வாய் திறக்கிறது. திறந்த வாய் ஒரு தடவை மூடுகிறது, மறுபடி திறக்கிறது.

அல்ஃபியாவை அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன். அவள் அழுதுகொண்டே போட்டாள். பிறகு நான் உள்ளே போய் அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். அத்தை. உதடு ஒட்டவில்லை. எத்தனை விதமாகச் சொன்னாலும் ஒட்டவில்லை. அம்மா என்று சொன்னேன். ஒட்டியது.

எந்தச் சொல்லுக்கு உதடு ஒட்டும் என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் சொன்னவள் நீ. பொய் எழுதும்போது அது உனக்கு மறந்துவிட்டதா? இல்லை, நான் போய்ப் பார்க்க மாட்டேன் என்று நம்பினாயா?

எதற்கு அப்படி எழுதினாய் என்று எனக்கு விளங்காமல் இல்லை. உன் பங்கோடு என் பங்கையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தாய். அதற்காக உன்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. பாட்டைக் கூட்டினதற்கு இருக்கிறது. அது சாகும்வரை இருக்கும். ஒன்றில் மற்றொன்றைக் கழித்துவிடலாமா என்று பார்த்தேன். கழிபடவில்லை. இரண்டும் தனித்தனியாகவே நிற்கிறது. என்னிடம் மன்னிப்புக் கேட்காதே. இருந்தால் கொடுக்க மாட்டேனா?

என் பங்கு என்னிடமே இருக்கட்டும். அதே வீடியோவில் நானும் இருக்கிறேன். பின்னந்தலை தெரிகிறது. மல்லிகைப் பூ வைத்திருக்கிறேன். அவன் கண் வந்து நின்ற இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவன் வாய் திறக்கும்போது நான் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துத் திரும்பியிருக்கிறேன். அவன் வாய் மூடினபோது மேடையைப் பார்க்கிறேன். பிறகு என் இரண்டு கையும் தலைக்கு மேலே போகிறது. மற்றவர்கள் எல்லாரும் மடியில் வைத்துத் தட்டுகிறார்கள். நான் ஒருத்திதான் தலைக்கு மேலே தூக்கித் தட்டுகிறேன், அவனுக்குத் தெரியட்டும் என்று. அவனுக்குத் தெரிந்தது. பார்த்துக்கொண்டேதான் விழுகிறான்.

ஆராதனையில் அந்த மைம் வேண்டாம். ஆசீரிடம் நானே சொல்லிவிட்டேன். தூக்க ஆள் இல்லாத இடத்தில் அந்தப் பிள்ளை குனிந்து காற்றைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டாம். நீ ஆராதனைக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம். வந்தால் உன்னோடு பேச என்னால் முடியாது. உங்க அண்ணன் பேசுவார். அவரிடம் எதையும் சொல்லாதே.

ஜெபம் பண்ணுகிறேன் என்று எழுதியிருந்தாய். நானும் முழங்கால் போடுகிறேன். கண்ணை மூடி உதட்டைத் திறந்தால் அவன் உதடுதான் தெரிகிறது. கேட்கிறவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இருக்கட்டும். அன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார். அதற்கு மேல் இதை நான் எழுதக் கூடாது.

அவன் அம்மா என்று கூப்பிட்டால், அடுப்பில் எது கிடந்தாலும், குளிக்கிற இடத்திலிருந்தும்கூட, "என்னய்யா" என்று கேட்டுவிடுவேன். பத்தொன்பது வருஷத்தில் ஒருநாள்கூட அது தவறினதில்லை. "கூப்பிட்டு முடிக்க முன்னாடியே ஏம்மா என்னய்யாங்க?" என்று கேலி பண்ணுவான். அன்றைக்கு மட்டும் வாய் பதில் சொல்லவில்லை, கை சொன்னது.

நேற்று மத்தியானம் மறுபடி கண்ணாடி முன்னால் போய் நின்றேன். அவன் சொன்ன மாதிரியே, சத்தம் இல்லாமல், அந்தச் சொல்லைச் சொன்னேன். பிறகு, "என்னய்யா" என்றேன். அதை மட்டும் வாய்விட்டுச் சொன்னேன். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வெளியே கட்டிலில் படுத்திருந்த உங்க அண்ணன் எழுந்து வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கூப்பிட்டியா?" என்றார்.

"இல்ல" என்றேன்.

"பொறவு யாரட்டப் பேசுத?"

"யாருமில்ல. நீங்க போயிப் படுங்க."

அவர் போகவில்லை. கண்ணாடிக்குள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன், எங்கே அவருக்கும் தெரிந்துவிடுமோ என்று.

இன்பம்